காதில் விழுகிறது, புரிவதில்லை

முதுமையில் வரும் செவித்திறன் குறைவு ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. ஐம்பது வயதை ஒட்டித் தொடங்கி, இரண்டு காதுகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் கூடுகிறது. வலி கிடையாது, சீழ் கிடையாது, வெளியே தெரியும் அடையாளம் எதுவும் கிடையாது. அதனால் குறைவு உள்ளவருக்கே அது கடைசியில்தான் தெரியவருகிறது. வீட்டில் இருப்பவர்கள் முந்திக்கொள்கிறார்கள். டிவி சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறது. அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் கூடத்தில் இருப்பவர் திரும்புவதில்லை. சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் மாத்திரை போட்டாயிற்று என்று பதில் வருகிறது. ‘வேண்டியது மட்டும் நல்லா கேக்குது’ என்ற குற்றச்சாட்டு பல வீடுகளில் எழுவது இந்தக் கட்டத்தில்தான். அந்தக் குற்றச்சாட்டு ஏன் தவறு என்பதைக் காதின் அமைப்பே சொல்லிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் செவித்திறன் பற்றிய தன் முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. உலகில் 150 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு இருப்பதாகவும், அவர்களில் 43 கோடி பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்கு அது முற்றியிருப்பதாகவும் அந்த அறிக்கை கணக்கிட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்த இரண்டாம் வகையில் வருகிறார்கள். இந்திய மாநிலங்களில் முதியோர் விகிதம் மிகுந்தவற்றில் தமிழ்நாடும் ஒன்று. 2021-ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகை மதிப்பீட்டின்படி கேரளத்துக்கு அடுத்த இடத்தில், 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஆகவே இது ஏதோ சில வீடுகளின் சங்கடம் அல்ல. தெருவுக்குத் தெரு, கிட்டத்தட்ட எல்லாக் கூட்டுக் குடும்பங்களிலும் இருக்கும் ஒரு நிலை.

ஒலி வரும் வழி

காது மடலில் வாங்கிய ஒலி செவிப்பறையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டறை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் இரண்டரைச் சுற்று சுருண்டு கிடக்கும் நத்தைக்கூடு போன்ற உறுப்புதான் காக்ளியா. நீட்டிப் பார்த்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம். அதன் நெடுக மயிரிழை அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் இருக்கும் சுமார் 3,500 அணுக்கள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கின்றன. வெளிவரிசைகளில் இருக்கும் சுமார் 12,000 அணுக்களின் வேலை வேறு. அவை தாமே நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலிகளைப் பெருக்கித் தருகின்றன. இயற்கை நமக்குள் வைத்த ஒலிபெருக்கி அதுதான்.

காக்ளியாவில் ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் இடம் உண்டு. கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள் வாசலை ஒட்டிய பகுதியிலும், கனத்த தாழ் ஒலிகள் சுருளின் உள்முனையிலும் பதிவாகின்றன. இந்த இட ஒழுங்கை ஆராய்ந்து விளக்கியதற்காகவே கேயார்க் ஃபான் பெக்கெஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் முதலில் அழிவது வாசலை ஒட்டிய அணுக்கள். அழிந்த அணு மறுபடி முளைப்பதில்லை. கோழிக்குஞ்சு போன்ற பறவைகளின் காதில் அவை மீண்டும் வளர்கின்றன என்பது 1980-களிலேயே கண்டறியப்பட்டது. பாலூட்டிகளுக்கு அந்த வரம் இல்லை. அணுக்கள் மட்டுமல்லாமல், அவற்றுக்கு ஆற்றல் வழங்கும் திசுவும், மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளும் வயதோடு தேய்கின்றன.

இனி, பேச்சுக்கு வருவோம். பேச்சில் உரத்த பகுதி உயிரொலிகள். அ, ஆ, ஓ போன்றவற்றின் வலிமை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ம, ன, ல, ர ஆகியவையும் ஓரளவு தாழ்ந்த பகுதியில் ஒலிப்பவையே. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைப் பெரிதும் செய்பவை க, ச, த, ப, ஸ போன்ற வல்லொலிகள். அவை மெல்லியவை, கணநேரமே நீடிப்பவை, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தம் அடையாளத்தை வைத்திருப்பவை. ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ என்ற மூன்று சொற்களுக்கும் வேறுபாடு முதல் எழுத்தில் மட்டுமே. அந்த முதல் எழுத்து தேய்ந்துபோன காதில், மூன்றும் ஒன்றே. குரல் கேட்கிறது, யார் பேசுகிறார் என்று தெரிகிறது, என்ன சொன்னார் என்பதுதான் தெரிவதில்லை.

‘வேண்டியது மட்டும் கேட்கிறது’ என்ற பழிக்கு விடை இங்கே இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து, அமைதியான அறையில், தெரிந்த விஷயத்தைப் பற்றி மகன் கனத்த குரலில் பேசினால் மூளை விடுபட்ட எழுத்துகளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மின்விசிறி ஓடும்போது, பேத்தி தன் மெல்லிய குரலில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்பாராத ஒன்றைச் சொன்னால் நிரப்ப முடியாது. கேட்பவரின் மனம் மாறவில்லை, சூழல்தான் மாறியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் முகக்கவசம் இதைப் பலருக்கு வெளிச்சம்போட்டுக் காட்டியது. கவசம் உயர் ஒலிகளை மட்டுப்படுத்தியது, உதட்டசைவையும் மறைத்தது. அதுவரை உதட்டைப் பார்த்தே ஒப்பேற்றிவந்தவர்கள், மருந்துக் கடையிலும் வங்கியிலும் திடீரென்று எதுவும் புரியாமல் நின்றார்கள்.

இன்னொரு புதிரும் உண்டு. ‘கேட்கவில்லை, சத்தமாகச் சொல்’ என்பவரே, சத்தமாகச் சொன்னதும் ‘ஏன் கத்துகிறாய்’ என்று சினப்பார். இது வீம்பு அல்ல. மெல்லிய ஒலிகளைப் பெருக்கும் வெளிவரிசை அணுக்கள் அழிந்தபின், கேட்கத் தொடங்கும் எல்லை உயர்கிறது. வலிக்கத் தொடங்கும் எல்லையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்த அகன்ற வெளி குறுகிவிடுகிறது. கொஞ்சம் குறைந்தால் கேட்காது, கொஞ்சம் கூடினால் தாங்காது.

தொலைபேசியும் தொல்லைதான். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தின. காது இழந்த அதே மேல்பகுதியைக் கருவியும் வெட்டிவிடுகிறது, உதடும் தெரிவதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுடன் வீடியோ அழைப்பில் பேசுவது பல முதியவர்களுக்கு எளிதாக இருப்பதற்குக் காரணம், பேசுபவரின் வாயைப் பார்க்க முடிகிறது என்பதே.

வயது மட்டும் காரணமல்ல

ஒரே வயதுள்ள இருவரின் காதுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பரம்பரை ஒரு பங்கு வகிக்கிறது. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவை காக்ளியாவின் நுண்ணிய இரத்த ஓட்டத்தைக் கெடுக்கின்றன. காசநோய்க்குத் தரப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற பிற ஊசி மருந்துகளும், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினும் மயிரிழை அணுக்களைக் கொல்லக்கூடியவை.

எல்லாவற்றிலும் கொடியது இரைச்சல். குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றவர்களுக்கு அது தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சைகையில்தான் பேச முடியும். விசைத்தறிக் கூடங்களின் ஒலி அளவு 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபல் என்பதையே காதுக்கு ஆபத்து தொடங்கும் எல்லையாகத் தொழில்சார் சுகாதார நிபுணர்கள் கொள்கிறார்கள். முப்பது ஆண்டு தறி ஓட்டியவர் அறுபதாவது வயதில் இழப்பதை, வயலில் வேலை செய்தவர் எண்பதிலும் இழக்காமல் இருக்கலாம். காதடைப்பான் சில ரூபாய் விலையுள்ள பொருள். அது தறிக்கூடங்களில் பழக்கமாகாமல் போனதை வெறும் அலட்சியம் என்று விட்டுவிட முடியாது. அங்கே உழைப்பவர்களின் முதுமையைப் பற்றி யாரும் கணக்கு வைக்கவில்லை என்பதன் அடையாளம் அது.

இரைச்சலின் பாதிப்பு எப்போதும் காதுப் பரிசோதனையில் தெரிவதும் இல்லை. அணு பிழைத்திருந்தும், அதை நரம்போடு இணைக்கும் முடிச்சுகள் அறுந்துபோகலாம் என்பதை ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் ஆகியோர் 2009-இல் எலிகளில் காட்டினர். அமைதியான அறையில் சோதித்தால் ஓரளவு நன்றாகக் கேட்பவரும் கல்யாண மண்டபத்தில் திணறுவதற்கு இது ஒரு விளக்கமாகக் கருதப்படுகிறது.

எல்லாச் செவித்திறன் குறைவும் நிரந்தரமும் அல்ல. குறும்பி அடைத்துக்கொள்வது முதியவர்களிடம் மிகச் சாதாரணம். பஞ்சு குச்சியால் குடைந்தால் அது மேலும் உள்ளே போகும். மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். செவிப்பறையில் துளை இருந்தால் அறுவை சிகிச்சையால் மூடலாம். அங்கவடி எலும்பு இறுகிப்போயிருந்தாலும் அறுவையால் சரிசெய்ய வழி உண்டு. ஆகவே கருவிக் கடைக்குப் போகும் முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதே முறை. ஒரு காது மட்டும் மந்தமானால், தலைச்சுற்றலோ சீழோ இரத்தமோ சேர்ந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது. தூங்கி எழுந்தபோது ஒரு காது சட்டென்று அடைத்துப்போய்க் கேட்காமல் இருந்தால் அது அவசர நிலை. சளி பிடித்திருக்கும், தானே சரியாகும் என்று காத்திருப்பவர்கள் பலர். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் கேள்வித்திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

மூளைக்கு என்ன ஆகிறது

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லின்னும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 639 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், லேசான செவித்திறன் குறைவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகவும், நடுத்தரக் குறைவு உள்ளவர்களுக்கு மூன்று மடங்காகவும், கடுமையான குறைவு உள்ளவர்களுக்கு ஐந்து மடங்காகவும் இருந்தது. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையம் 2017-இலும் 2020-இலும் 2024-இலும் தந்த மூன்று அறிக்கைகளிலும், மாற்றக்கூடிய காரணிகளின் பட்டியலில் செவித்திறன் குறைவு முக்கிய இடம் பெற்றது. விடுபட்ட எழுத்துகளை ஊகிக்கவே மூளை உழைத்துக் களைப்பதால், கேட்டதை நினைவில் வைக்க ஆற்றல் போதாமல் போகலாம். புரியாமல் போகும் வெட்கத்தில் பேச்சையே குறைத்துக்கொள்பவரின் மூளைக்கு வேலையும் குறைகிறது.

கருவி அணிந்தால் மறதி நோய் வராது என்று விளம்பரங்கள் சொல்லத் தொடங்கிவிட்டன. அது உண்மையை மிகைப்படுத்துவது. 2023-இல் லான்செட்டில் வெளியான அச்சீவ் ஆய்வில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர் பங்கேற்றனர். ஒரு பாதிக்குக் கருவியும் ஆலோசனையும், மறுபாதிக்கு வெறும் ஆரோக்கியக் கல்வியும் தரப்பட்டன. மூன்று ஆண்டு முடிவில் இரு பிரிவினரையும் மொத்தமாக ஒப்பிட்டபோது நினைவாற்றல் தேய்வில் வேறுபாடு இல்லை. ஆனால் இதய நோய் ஆய்வு ஒன்றிலிருந்து சேர்க்கப்பட்டவர்களிடம், அதாவது வயதும் அபாயமும் கூடிய பிரிவில், கருவி அணிந்தோரின் தேய்வு 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஏற்கெனவே அபாயத்தில் இருப்பவர்களுக்குப் பயன் இருக்கலாம் என்பதுதான் அதிலிருந்து பெறக்கூடிய முடிவு.

மறதி நோயை விட்டுவிட்டாலும் இழப்புகள் ஏராளம். மருத்துவர் சொன்ன மாத்திரைக் கணக்கு தவறாகக் காதில் விழுகிறது. பின்னால் வரும் பேருந்தின் ஓசை தெரியாமல் சாலையைக் கடக்க நேர்கிறது. கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் பழக்கம் வருகிறது. மனச்சோர்வு அந்த அறையில்தான் தொடங்குகிறது. இன்னும் கொடுமை, கேட்காததையே மறதி என்று முத்திரை குத்திவிடுவது. நினைவாற்றல் சோதனையில் மருத்துவர் சொல்லும் சொற்கள் காதில் விழாதவர், அவற்றைத் திருப்பிச் சொல்ல முடியாமல் தோற்றுப்போவார். முதியவருக்கு நினைவுச் சோதனை செய்யும் முன் காதைச் சோதிப்பது கட்டாயமாக வேண்டும்.

சோதனையும் கருவியும்

ஆடியோகிராம் எனும் வரைபடத்தைத் தரும் சோதனை வலியற்றது, அரைமணி நேரத்தில் முடிவது. ஒலி புகாத அறையில் காதுபோனை மாட்டிக்கொண்டு, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளில் மிக மெல்லியதாக எது கேட்கிறது என்று பொத்தானை அழுத்திக் காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குள் கேட்டால் இயல்பு, 35 வரை லேசான குறைவு, 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் படிப்படியாகக் கடுமை. ஒலி கேட்கிறதா என்பதோடு நிறுத்தாமல், பேச்சு புரிகிறதா என்றும் சொற்களைச் சொல்லிச் சோதிக்க வேண்டும். தமிழ் பேசுபவரைத் தமிழ்ச் சொற்களால் சோதித்தால்தான் அந்த முடிவுக்குப் பொருள் உண்டு.

கருவிகளின் வரலாறு எக்காளம் போன்ற ஒலிக்குழல்களில் தொடங்குகிறது. பேத்தோவனும் அத்தகைய குழல்களைப் பயன்படுத்தியவர். 1952 முடிவில் டிரான்சிஸ்டர் பொருத்திய கேட்கும் கருவி சந்தைக்கு வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் முந்தியது அது. 1996-இல் முழு டிஜிட்டல் கருவிகள் வந்தன. இன்றைய கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. ஆடியோகிராமில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவோ அதற்கேற்ப, மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் உயர்த்துகிறது. நடைபாதையிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் இதைச் செய்வதில்லை. அவை மின்விசிறியையும் குரலையும் சேர்த்துப் பெருக்கி, மிஞ்சியிருக்கும் கேள்வித்திறனுக்கும் கேடு செய்யக்கூடும்.

சட்டைப்பையில் வைத்து ஒயரில் காதுக்கு இழுக்கும் பெட்டி மாடல் இன்றும் உண்டு. துணி உரசும் சத்தம் அதில் பெரிய தொல்லை. என்றாலும் விரல் நடுங்குபவர்களுக்கு அதன் பெரிய திருகும், எங்கும் கிடைக்கும் பென்சில் செல்லும் வசதியே. காதுக்குப் பின்னால் தொங்கும் மாடல் முதியவர்கள் பெரும்பாலோருக்கு ஏற்றது. காதுக்குள் மறையும் சிறு மாடலைத்தான் பலர் கேட்கிறார்கள், வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. ஆனால் அதன் பேட்டரி மிகச் சிறியது, வியர்வையும் குறும்பியும் சீக்கிரம் அடைக்கும், கடுமையான குறைவுக்கு அதன் ஆற்றலும் போதாது. இரண்டு காதும் மந்தமாக இருந்தால் இரண்டுக்கும் கருவி போடுவதே நல்லது. ஒலி வரும் திசையை மூளை அறிவது இரு காதுகளையும் ஒப்பிட்டுத்தான்.

கருவியால் பயன் கிடைக்காத அளவுக்குக் குறைவு முற்றியவர்களுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் எனும் உட்பொருத்தும் கருவி இருக்கிறது. அழிந்த அணுக்களைத் தாண்டி, மின்முனைகள் மூலம் நரம்பையே அது நேரடியாகத் தூண்டுகிறது. குழந்தைகளுக்கு மட்டுமான சிகிச்சை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், உடல்நிலை அறுவைக்கு இடம்கொடுத்தால் வயது ஒரு தடையல்ல.

பெட்டிக்குள் போகும் கருவிகள்

கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் உலக அளவில் 17 விழுக்காட்டினரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாங்காதவர்கள் ஒருபுறம் இருக்க, வாங்கியும் போடாதவர்கள் இன்னொரு பெருங்கூட்டம். பீரோவிலும் மேசை இழுப்பறையிலும் பெட்டியோடு கிடக்கும் கருவிகள் எத்தனையோ. ஏன் போடுவதில்லை என்று கேட்டறிந்த ஆய்வுகளைத் தொகுத்து அபி மெக்கார்மாக், ஹெதர் ஃபார்ட்னம் ஆகியோர் 2013-இல் எழுதிய கட்டுரை, பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்பதையும் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்பதையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. வெட்கமும் ஒரு காரணம்தான். ஆனால் எல்லாப் பழியையும் முதியவரின் வெட்கத்தின் மேல் போடுவது வசதியான பொய். சரியாக அமைக்கப்படாத கருவியை யாரும் காதில் வைத்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து ஏமாற்றம் பிறக்கிறது. கண்ணாடி போட்ட நொடியில் எழுத்து தெளிகிறது. கேட்கும் கருவி அப்படி அல்ல. அணுக்கள் அழிந்த காதுக்கு ஒலியைக் கூட்டித் தர முடியும், பழைய துல்லியத்தைத் திருப்பித் தர முடியாது. தவிர, குறைவு தொடங்கிப் பத்தாண்டுகள் வரை தள்ளிப்போட்டுத்தான் பலர் வருகிறார்கள். அத்தனை காலம் கேட்காதிருந்த ஒலிகள் திடீரென்று திரும்பும்போது மூளை மிரள்கிறது. தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது. செய்தித்தாள் மடிப்பு, குழாய்த் தண்ணீர், பாத்திரம் வைக்கும் ஓசை எல்லாம் அடிக்கின்றன. முதல் நாளே கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர், மேளச் சத்தத்தில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டால் அது மறுபடி காதுக்கு வருவது அரிது.

முதல் வாரம் வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது ஒன்றிரண்டு மணி நேரம் போட வேண்டும். பிறகு டிவி, பிறகு நாலு பேர் கூடிய கூடம், கடைசியில் கடைத்தெரு. மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் செவித்திறன் நிபுணரிடம் இரண்டு மூன்று முறையாவது திரும்பப் போய், எந்த இடத்தில் எந்த ஒலி உறுத்துகிறது என்று சொல்லி மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். கூவென்று விசிலடித்தால் காதச்சு தளர்ந்திருக்கிறது என்று பொருள். காதின் அளவெடுத்து வார்த்த அச்சு பொருந்தினால் அது நின்றுவிடும். காதுக்குள் நுண்குழாய் வைத்து, செவிப்பறையருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து அமைப்பதே சிறந்த முறை. கணினித் திரையில் வரும் மதிப்பீட்டை மட்டும் நம்பி அமைத்துக் கொடுக்கும் இடங்கள்தான் அதிகம். கருவியின் விலை சில ஆயிரத்தில் தொடங்கிச் சில லட்சம் வரை போகிறது. ஆனால் ஒழுங்காக அமைத்த எளிய கருவி, ஏனோதானோவென்று அமைத்த விலையுயர்ந்த கருவியைவிட மேலான பயன் தரும். வாங்கும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற செவித்திறன் நிபுணர் இருக்கிறாரா, பிறகு எத்தனை முறை வந்து சரிசெய்துகொள்ளலாம் என்பதே.

பராமரிப்பும் சிறிய விஷயமல்ல. பொத்தான் பேட்டரிகள் நான்கு அளவுகளில் வருகின்றன. 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம் என்று ஒட்டுத்தாளின் நிறமே அடையாளம். தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் பிறகு போட வேண்டும். தாளை உரித்தபின் பயன்படுத்தாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டிருக்கும். குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பார்வை மங்கி, விரல் மரத்துப்போன எண்பது வயதுக்காரருக்கு இந்தப் பேட்டரியை மாற்றுவது தினசரிப் போராட்டம். சார்ஜ் செய்யும் மாடல் அவர்களுக்கு உதவும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கும் நம் வியர்வைக்கும் இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது அவசியம்.

பேசுபவரின் பங்கு

கருவி போட்டபின்பும் பேசுபவர் மாறாவிட்டால் பாதிப் பயன் வீண். கத்துவதால் உயிரொலிகள்தான் வீங்குகின்றன. தொலைந்துபோன வல்லொலிகள் அப்படியே இருக்கின்றன. முகத்தைப் பார்த்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, சற்றே நிதானமாகப் பேசினால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கவனம் திரும்பியபின் விஷயத்தைத் தொடங்க வேண்டும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மூன்று முறை சொல்லாமல், வேறு சொற்களில் சொல்ல வேண்டும். மிக்ஸி ஓடும்போதும், அடுத்த அறையிலிருந்தும் பேசக் கூடாது. ஓரிரு மீட்டர் தூரத்துக்குள் வந்துவிட வேண்டும். ‘ஒண்ணுமில்லை, விடுங்க’ என்ற பதில் அவர்களைப் புண்படுத்துவதுபோல் வேறெதுவும் புண்படுத்துவதில்லை. அந்தப் பேச்சில் தனக்கு இடமில்லை என்றே அதற்குப் பொருள் கொள்கிறார்கள்.

அரசு தருவதும் விடுபடுவதும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, பேச்சு அதிர்வெண்களில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் ஒருவர் செவித்திறன் குறைந்தவர் எனக் கருதப்படுவார். 70 என்றால் காது கேளாதவர். உலக சுகாதார நிறுவனமோ 35 டெசிபலைத் தாண்டினாலே உதவி தேவை என்கிறது. 45 டெசிபல் இழப்போடு இருக்கும் முதியவர் பக்கத்தில் பேசுவதையே பாதிதான் புரிந்துகொள்கிறார், ஆனால் சான்றிதழ் கேட்டால் அவருக்குக் கிடைக்காது. முதுமையில் வரும் குறைவில் பெரும்பகுதி இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. சலுகைகளுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது நியாயம். கருவி தருவதற்கும் அதே எல்லையை வைப்பதில் நியாயம் இல்லை.

காது கேளாமையைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவுமான தேசியத் திட்டம் 2006-07-இல் 25 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கிப் பிறகு விரிந்தது. முதியவர்களுக்கென்று தனியாக வந்தது 2017 ஏப்ரல் 1-இல் ஆந்திரத்தின் நெல்லூரில் தொடங்கிவைக்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஊன்றுகோல், சக்கர நாற்காலி, பல்செட், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு கேட்கும் கருவியும் இலவசமாகத் தரப்படுகிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் முகாம்கள் நடத்தி அளவெடுத்து வழங்குகிறது, ஓராண்டு இலவசப் பராமரிப்பும் உண்டு.

ஊன்றுகோலை முகாமில் கொடுத்துவிட்டுப் போகலாம். கேட்கும் கருவியை அப்படிக் கொடுக்க முடியாது. முகாம் கலைந்து இரண்டு வாரத்தில் பேட்டரி தீர்கிறது, ஒரு மாதத்தில் காதச்சு உறுத்துகிறது, மழைக்காலத்தில் ஈரம் அடைக்கிறது. மறு அமைப்புக்கு மாவட்டத் தலைநகர் வரை பேருந்து ஏற எழுபத்தைந்து வயதுக்காரரால் முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன, மாத்திரை கைக்கு வருகிறது. அந்த வருகையின்போதே காதில் கருவி இருக்கிறதா, பேட்டரி ஓடுகிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. வட்ட மருத்துவமனை அளவில் மாதத்தில் சில நாட்களாவது ஒரு செவித்திறன் நிபுணர் உட்கார்ந்து, அச்சை மாற்றி, அமைப்பைத் திருத்தி, பேட்டரிப் பட்டையைக் கொடுத்தனுப்பும் ஏற்பாடு இருந்தால், கொடுத்த கருவி காதில் நிற்கும்.